தூக்கம் என்ற சொல் இல்லாத தாலாட்டு

திருவிதாங்கூர் அரண்மனைத் தொட்டிலுக்காக 1813-இல் எழுதப்பட்ட ஒரு பாட்டு, இரண்டு மொழிகளுக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

2013 ஜனவரி 10. அந்த ஆண்டின் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானபோது சென்னை சபாக்களின் ரசிகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிறந்த பாடல் பிரிவில் ஒரு தமிழ்த் தாலாட்டு இருந்தது. ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக மைக்கேல் டேனா இசையமைக்க, பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடியது. லால்குடி ஜெயராமனின் சிஷ்யை ஹாலிவுட் வரை போய்விட்டார் என்ற பெருமிதம் அடங்குவதற்குள் கேரளத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. பாட்டின் தொடக்க வரிகள் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்ற மலையாளத் தாலாட்டின் மொழிபெயர்ப்பே என்று இரயிம்மன் தம்பியின் பெயரில் இயங்கும் நினைவு அறக்கட்டளை குற்றம்சாட்டியது. ஜெயஸ்ரீ மறுத்தார். மனதில் தோன்றியதைத்தான் எழுதியதாகச் சொன்னார்.

சட்டத்தைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் படைப்பு பொதுச் சொத்து. இரயிம்மன் தம்பி காலமானது 1856-இல். ஆகவே பணம் கேட்க யாருக்கும் வழியில்லை. பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் மனக்குறை. ஆனால் வேறொரு கேள்வி மிஞ்சுகிறது. கீர்த்தனைகளுக்காகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கவிதைக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. தொட்டிலோடு முடிந்துபோக வேண்டிய ஒரு தாலாட்டுக்காக, இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகும், தங்கள் வீட்டுப் பொருள் களவுபோனதுபோல் ஒரு சமூகம் பதறுகிறதே, ஏன்?

இதை யோசிக்கத் திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் போவதைவிட, அங்கிருந்து தெற்கே வருவது நல்லது. முதலில் நெய்யாற்றின்கரை, அங்கிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் காஞ்சிரங்குளம், நேராகத் தெற்கே போனால் பாறசாலை, அடுத்து களியக்காவிளை. காஞ்சிரம் என்றால் எட்டி மரம். மலையாளத்தில் மட்டுமல்ல, பழந்தமிழிலும் அதற்கு அதே பெயர்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊர்களில் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை வேறொரு மாநிலத்திலும் இருப்பது சகஜம். கல்யாணம், சாவு, சந்தை எல்லாமே செக்போஸ்ட்டைத் தாண்டித்தான். பேச்சும் அப்படியே. தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிக்க முனைந்த மொழியியல்காரர்கள் பாடு சிரமம்தான்.

இந்தப் பகுதிக் காதுக்கு ‘ஓமனத்திங்கள்’ அயல்மொழிப் பாட்டே அல்ல. திங்கள், தாமரை, பூ, கிளி, மயில், குயில், மான் என்று அது அடுக்கிக்கொண்டு போகும் சொற்களில் பாதி தமிழ் அகராதியிலும் இருப்பவை. ஒரு சொல்தான் தமிழரைத் திடுக்கிட வைக்கும். ‘கிடாவு’ என்றால் மலையாளத்தில் குழந்தை, இளங்கன்று. தமிழில் கிடா என்றதும் நினைவுக்கு வருவது சுடலைமாடன் கோயில் கொடை. ஒரே வேரிலிருந்து கிளைத்து ஒன்று தொட்டிலுக்கும் மற்றது பலிபீடத்துக்கும் போய்விட்டது. ‘ஓமன’ என்பதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடினால் அலுத்துப்போகும். ‘செல்ல’ என்று போட்டால் பொருள் வந்துவிடுகிறது. அந்தக் குழைவு வருவதில்லை.

பாட்டு பிறந்த கதையைப் புரிந்துகொள்ள நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பலா மரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து உயிர் பிழைத்தது இந்த மரத்தின் பொந்தில்தான் என்பது ஐதீகம். அன்று மரப்பொந்தில் அகப்பட்டிருந்தால் நவீனத் திருவிதாங்கூரே இல்லை. அந்த அரச வம்சத்தின் சரித்திரம் முழுவதிலும் இந்த பயம் இழையோடுகிறது: அடுத்த வாரிசு இருக்குமா? மருமக்கள்தாய முறையில் அரசனின் மகன் அரசனாக முடியாது. சகோதரியின் மகன்தான் பட்டத்துக்கு வர வேண்டும். சகோதரிகள் இல்லாவிட்டால் வடக்கே கோலத்துநாட்டிலிருந்து பெண்களைத் தத்து எடுத்து வருவார்கள்.

1810-இல் பலராம வர்மா இறந்தபோது பட்டத்துக்குத் தகுந்த ஆண் ஒருவரும் இல்லை. வேலுத்தம்பி தளவாயின் கலகம் நசுக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடி இறுகியிருந்தது. 19 வயதுப் பெண்ணான கௌரி லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ரெசிடென்டாக வந்த கர்னல் மன்றோவே திவானாகவும் ஆனார். ராணிக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. நாடு காத்திருந்தது. 1813 ஏப்ரல் 16-ஆம் தேதி சுவாதி நட்சத்திரத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ‘கர்ப்பஸ்ரீமான்’ என்று அவரைச் சொல்வார்கள். வயிற்றில் இருக்கும்போதே அரசர். சில மாதங்களில் கைக்குழந்தையாகவே தர்பாரில் காட்டப்பட்டு, அரசராக அறிவிக்கப்பட்டார். பிற்காலத்தில் சுவாதித் திருநாள் என்று இசையுலகம் கொண்டாடியவர்.

அந்தக் குழந்தையைத் தூங்கவைக்க, ராணி கேட்டுக்கொண்டபடி, அரசவைக் கவி இரயிம்மன் தம்பி எழுதியதுதான் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்பது வழிவழி வந்த செய்தி. தம்பிக்கு அப்போது வயது 31. கீசகவதம், உத்தரா சுயம்வரம், தட்சயாகம் ஆகிய ஆட்டக்கதைகளால் கதகளி மேடையிலும், பதங்களாலும் கீர்த்தனைகளாலும் கச்சேரி மேடையிலும் இன்றும் நிலைத்திருப்பவர். ஆனால் கதகளியே பார்த்திராத வீட்டிலும் அவர் புழங்குவது இந்தத் தாலாட்டால்தான்.

பாட்டின் அமைப்பு விசித்திரமானது. முதலிலிருந்து கடைசிவரை கேள்விகளே. நீ இளநிலவா, தாமரையா, அதில் ஊறிய தேனா என்று ஆரம்பிக்கும் தாய், கிளி, மயில், மான் என்று உலகத்து அழகையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இதுதானா இதுதானா என்று கேட்கிறாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. போகப் போக உவமைகளின் நிறம் மாறுகிறது. கடவுள் தந்த புதையல், இருட்டில் ஏற்றிவைத்த விளக்கு, புகழ்க்கொடிக்கு விதை என்று வரத் தொடங்கும்போது, வாரிசில்லாமல் தவித்த ஒரு வம்சத்தின் மூச்சு கேட்கிறது. பத்மநாபனின் கருணையா என்று கேட்டுப் பாட்டு முடிகிறது. இத்தனை நீளத்தில் இரண்டு விஷயங்கள் இல்லை. தூக்கம் என்ற சொல் எங்குமே கிடையாது. குழந்தையின் பெயரும் கிடையாது.

பெயர் இல்லாதது முக்கியமாகப் படுகிறது. அரசவைக் கவிகள் அரசன் பெயரையும் குலத்தையும் விருதுகளையும் பாட்டில் பொதிந்து வைப்பதுதான் வழக்கம். தம்பி இதில் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அது அரண்மனை ஆவணமாகவே தங்கியிருக்கும். பெயர் இல்லாததால் கொட்டாரத்துத் தங்கத் தொட்டிலிலிருந்து இறங்கி, கயிற்றில் கட்டிய சேலைத் தொட்டிலுக்கு வந்துவிட்டது. நெய்யாற்றின்கரையிலோ காஞ்சிரங்குளத்திலோ அதைப் பாடுகிறவர்களுக்குக் குழந்தை தங்களுடையது. பத்மநாபன் என்ற பெயர்கூடப் பலருக்கு அரச குலதெய்வமாக அல்ல, பக்கத்து ஊர் சாமியாகத்தான் தோன்றும்.

தமிழ்த் தாலாட்டு மரபோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. மலையாளத்தில் அது ‘தாராட்டு’ ஆயிற்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். அங்கே குழந்தை தெய்வமாகவோ தலைவனாகவோ இருக்கும். பெயரும் ஊரும் பெருமையும் வரிசையாக வரும். நாட்டுப்புறத் தாலாட்டிலோ நேர்மாறு. யார் அடித்து அழுதாய் என்று தாய் விசாரிப்பாள். மாமன் கொண்டுவரும் சீர்வரிசையைப் பட்டியலிடுவாள். பிறந்த வீட்டுப் பெருமையும் புகுந்த வீட்டுக் குறையும் இடையில் புகுந்துவிடும். மாமியார் காதில் நேரடியாகப் போட முடியாததைக் குழந்தை காதில் போட்டுவிடுகிற வசதி அதில் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே பெண்ணின் வாயிலிருந்து வருபவை என்பதால் இரண்டின் ராகமும் சில வேளைகளில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சேர நாட்டு அரசர் ஒருவரே முன்பு கண்டுகொண்டார். குலசேகர ஆழ்வாரின் ‘பெருமாள் திருமொழி’யில் எட்டாம் பதிகம் ராமனுக்குத் தாலாட்டு. அதற்கு முந்தைய ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். கண்ணனைப் பெற்றவள் தேவகி. தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் பேறு யசோதைக்குப் போயிற்று. பாடக் கொடுத்துவைக்காத தாலாட்டை நினைத்து அவள் அழுகிறாள். தமிழரும் மலையாளிகளும் தங்களவர் என்று உரிமை கொண்டாடும் அந்த ஆழ்வார், தாலாட்டுக்கு முன்னால் இந்தப் புலம்பலை வைத்தது தற்செயலா, தெரிந்து செய்ததா என்பதை வைணவர்கள் விவாதிக்கட்டும்.

‘ஓமனத்திங்க’ளின் கதையிலும் இந்த இரண்டாம் பாதி உண்டு. 1815-இல், குழந்தைக்கு இரண்டு வயது சுமாருக்கு இருக்கும்போது, கௌரி லட்சுமி பாய் காலமானார். அவருக்கு 25 வயதுகூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் இரண்டாவது மகனையும் பெற்றிருந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய்தான் 1829 வரை ஆட்சியையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டார். இந்தச் செய்தி தெரிந்தபிறகு பாட்டைக் கேட்டால், விடை கிடைக்காத அந்தக் கேள்விகள் வேறுமாதிரி ஒலிக்கின்றன. பெரும்பாலும் குறிஞ்சி ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜிலும் நீலாம்பரியிலும் பாடுகிறவர்கள் உண்டு. எதில் பாடினாலும் மெட்டில் துக்கத்தின் சாயலே இல்லை. தேன் தடவிய மாதிரி போகிறது.

கேட்பவரை நெடுநாள் விடாத பாட்டுகள் பலவற்றிலும் இந்த முரண் இருக்கிறது. இங்கிலாந்தில் பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்தபின் தலையெடுத்த ‘போஸ்ட் பங்க்’ குழுக்களில் ஒன்று ஜாய் டிவிஷன். அவர்களுடைய ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ ஒரு திருமணம் உடைவதைப் பற்றியது. ஆனால் சிந்தசைசரில் வரும் மெட்டு சின்னப் பிள்ளைகளும் முணுமுணுக்கக்கூடியது. பாட்டை எழுதிப் பாடிய இயன் கர்டிஸ், ஒரு வயதுப் பெண் குழந்தையின் தந்தை, 1980 மே 18-இல் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. இசைத்தட்டு கடைக்கு வந்தது அடுத்த மாதம். மேக்கிள்ஸ்ஃபீல்டில் அவருடைய நினைவுக்கல்லில் அந்தப் பாட்டின் தலைப்பைத்தான் பொறித்திருக்கிறார்கள். துள்ளலும் துயரமும் ஒட்டிப் பிறந்த அந்தப் பாட்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் கைவிடவில்லை.

அவ்வளவு தூரம் போகாமலே தமிழர்களிடம் ஒரு தாலாட்டு இருக்கிறது. ‘மூன்றாம் பிறை’யின் ‘கண்ணே கலைமானே’. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் என்று சொல்லப்படுவது. 1981 அக்டோபர் 17-இல் அவர் சிகாகோவில் இறந்தார்; படம் வெளிவந்தது 1982-இல். மட்டக்களப்பில் பிறந்து மலையாளப் படங்களில் ஒளிப்பதிவாளராகப் பேர் வாங்கிய பாலுமகேந்திராவின் படம். கொச்சிக்காரரான ஜேசுதாஸின் குரல். பண்ணைப்புரத்து இளையராஜாவின் மெட்டு. குழந்தையாகிவிட்ட ஒரு பெண்ணை ஓர் ஆண் தூங்கவைக்கிறான். கடைசியில் அவள் அவனை அடையாளமே தெரியாமல் ரயிலேறிப் போய்விடுவாள் என்பது படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தப் பாட்டை மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறார்கள். எல்லைக் கிராமத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அது தமிழ்ப் பாட்டாக ஒலிக்கிறதா, ‘நம்ம தாசேட்டன்’ பாட்டாக ஒலிக்கிறதா என்பது கேட்கிறவரைப் பொறுத்தது.

தாலாட்டு பெண்களின் சொத்து என்று சொல்லிவிடலாம். ஆனால் திருவிதாங்கூரில் அந்தச் சொத்துக்கு வீட்டு வாசலோடு எல்லை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி விக்ரகம் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். கம்பர் பூஜித்தது என்று மரபு சொல்லும் விக்ரகம். கூடவே குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று வழிநெடுகக் குத்துவிளக்கேற்றிக் காத்திருப்பார்கள். 1956-க்குப் பிறகு கம்பரின் சரஸ்வதி ஆண்டுதோறும் மாநில எல்லையைத் தாண்டுகிறாள்; களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். போய்ச் சேரும் இடம் நவராத்திரி மண்டபம். ஒன்பது இரவும் அவள் முன்னால் சுவாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகள். ஆனால் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது. கலைமகளின் சன்னிதியில் பெண்குரலுக்குத் தடை என்ற வேடிக்கையை நெடுங்காலம் யாரும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊர்வலம் கடந்துபோகும் பாறசாலையில் 1924-இல் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் இன்று சுவாதித் திருநாள் பெயரைத் தாங்கி நிற்கும் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். சுவாதித் திருநாள், இரயிம்மன் தம்பி உருப்படிகளில் ஊறியவர். அலட்டல் இல்லாத, அவசரம் இல்லாத பாட்டு. 2006-இல், 80 வயதைத் தாண்டிய நிலையில், நவராத்திரி மண்டபத்தில் அவர் உட்கார்ந்து பாடினார். அங்கே பாடிய முதல் பெண். தொட்டிலில் கிடந்த காலத்தில் பெண்கள் தாலாட்டிய அந்த அரசரின் கீர்த்தனையை, அவருக்கென்று இருக்கும் மண்டபத்தில் ஒரு பெண் பாட, அவர் இறந்தபின் 160 ஆண்டுகள் தேவைப்பட்டன. பொன்னம்மாளுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021 ஜூனில் தமது 96-ஆவது வயதில் காலமானார்.

இனி அந்த ஆஸ்கர் விவகாரம். இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒற்றுமை தெரியாமல் போகாது. மயிலா, குயிலா, நிலவா என்று ஓகாரத்தில் முடியும் கேள்விகள் தமிழிலும் இருக்கின்றன. அறக்கட்டளையின் ஆதங்கம் வெறும் வம்பு அல்ல. அதே சமயம் குழந்தையை மயிலே குயிலே என்று கொஞ்சாத மொழி தென்னாட்டில் எது? பாடகி ஒருவர் வாழ்நாளெல்லாம் பாடிக் கேட்ட ஒரு பாட்டு, எழுதும்போது தானாக நாவில் வந்து உட்கார்ந்துகொள்வதைக் களவு என்பதா, வளர்ப்பு என்பதா என்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. நாலு வரி எங்கே கேட்டது என்று ஒரு வார்த்தை படத்தின் பெயர்ப்பட்டியலில் போட்டிருந்தால் யாருக்கும் குறைந்துபோயிருக்காது என்பதும் உண்மை. 2013 பிப்ரவரி 24-ஆம் தேதி விருது அடெல் பாடிய ‘ஸ்கைஃபால்’ பாட்டுக்குப் போயிற்று. சண்டையும் அத்தோடு அடங்கியது.

யாரும் அதிகம் கவனிக்காத ஒரு பொருத்தம் அந்தப் படத்தில் இருந்தது. புதுச்சேரி மிருகக்காட்சி சாலையில் விலங்குகளும் பறவைகளும் விழித்தெழும் முதல் காட்சிகளின்மேல் அந்தத் தமிழ்த் தாலாட்டு மிதந்து வருகிறது. கதை நடுவில் கப்பல் மூழ்குகிறது. பையன் தாயை இழந்து நடுக்கடலில் தனியாக நிற்கிறான்.

அரண்மனைத் தொட்டிலில் கிடந்த பையன் என்ன ஆனான்? 16 வயதில் ஆட்சிக்கு வந்தார் சுவாதித் திருநாள். பல மொழிகளில் கீர்த்தனைகள் புனைந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவை அரசவையில் வைத்துக்கொண்டார். வானியல் ஆராய்ச்சிக்கு நட்சத்திர பங்களா கட்டினார். 1840-இல் ரெசிடென்டாக வந்த கல்லன் ஒவ்வொரு காரியத்திலும் தலையிட, கடைசி ஆண்டுகளில் ஒதுங்கி, பேச்சைக் குறைத்து, பூஜையிலும் பாட்டிலும் அடங்கிப்போனார். 1846 டிசம்பரில் இறந்தபோது வயது 33.

அரசவையில் அவர் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தத் தாலாட்டை எழுதிய கவியும் ஒருவர். இரயிம்மன் தம்பிக்கு அப்போது 64 வயது. அதற்குப்பின் இன்னும் பத்து ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார்.